ஆகஸ்ட் 28ல திறந்து டிசம்பர்லயே பரீட்சைய முடிச்ச ஒரு கவுன்டி: நார்த் கரோலினா ஸ்கூல் காலண்டர் பத்தின நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்காவுல நார்த் கரோலினா மாநிலத்துல ஒரு கவுன்டியோட (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) பப்ளிக் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்ல 2022 கடைசியில ஆரம்பிச்சு 2024 ஜூன் வரைக்கும் நடந்த விஷயம் இது. கவுன்டி பேரு, ஆட்கள் பேரு எதுவும் இங்க வராது. காலண்டர் கமிட்டியில பெற்றோர் சார்பா உக்காந்திருந்தவங்கள்ல நானும் ஒருத்தன். நம்ம ஆளுங்க இந்த மாநிலத்துல நிறைய பேர் பிள்ளைங்கள பப்ளிக் ஸ்கூல்ல படிக்க வைக்கிறாங்க, ஆனா ஸ்கூல் எந்த தேதியில திறக்கணும்னு யாரு முடிவு பண்றாங்க, அதுல ஊருக்கு எவ்வளவு கை இருக்குன்னு தெரிஞ்சவங்க ரொம்ப கம்மி. தெரிஞ்சா அடுத்த கமிட்டியில இன்னும் நாலு பேர் போய் உக்காருவாங்கன்னுதான் இத முழுசா எழுதி வைக்கிறேன்.

முதல்ல சட்டம். 2004 வரைக்கும் ஒவ்வொரு டிஸ்ட்ரிக்ட்டும் தன் இஷ்டத்துக்கு தேதி வச்சுக்கிட்டு இருந்துச்சு, ஆகஸ்ட் ஆரம்பத்துலயே திறந்த ஊரெல்லாம் உண்டு. 2004ல மாநில சட்டசபை ஒரே வரம்பு போட்டுச்சு. இப்ப இருக்கற வடிவத்துல, ஆகஸ்ட் 26க்கு கிட்ட இருக்கற திங்கக்கிழமைக்கு முன்னாடி திறக்கக்கூடாது, ஜூன் 11க்கு கிட்ட இருக்கற வெள்ளிக்கிழமைய தாண்டி போகக்கூடாது. அதாவது திறக்கற நாள் வருஷத்தப் பொறுத்து ஆகஸ்ட் 23ல இருந்து 29 வரைக்கும் நகரும். உள்ள 185 நாள், இல்லன்னா 1,025 மணி நேரம் பாடம் நடக்கணும். இந்த "இல்லன்னா"தான் பின்னாடி எங்களுக்கு ரொம்ப கை கொடுத்துச்சு.

விதிவிலக்கும் இருக்கு. கடந்த 10 வருஷத்துல ஏதாவது 4 வருஷம், வருஷத்துக்கு 8 நாள் பனியாலயோ புயலாலயோ மூடியிருந்தா ஒரு வாரம் முன்னாடி திறக்க அனுமதி கேக்கலாம், மலைப்பக்கத்து கவுன்டிகளுக்கு இது கிடைக்கும். சார்ட்டர் ஸ்கூல் (அரசு பணத்துல தனி அமைப்பு நடத்தறது), நீளமான கோடை லீவு இல்லாம வருஷம் முழுக்க நடக்கற இயர் ரவுண்டு ஸ்கூல், கம்யூனிட்டி காலேஜோட சேர்ந்து நடக்கற எர்லி காலேஜ் ஹைஸ்கூல் இதுக்கெல்லாம் இந்த வரம்பே கிடையாது. எங்க கவுன்டி மலையும் இல்ல, கடற்கரையும் இல்ல, நடுவுல இருந்து கொஞ்சம் கிழக்கு தள்ளி இருக்கு. அதனால எந்த விதிவிலக்கும் பொருந்தல.

சட்டம் ஏன் வந்துச்சுன்னும் நேர்மையா சொல்லணும். கடற்கரை சுற்றுலா தொழில் பண்றவங்களும், கோடை விடுமுறை குறையுதேன்னு கவலப்பட்ட பெற்றோரும் சேர்ந்து கேட்டாங்க. ஆகஸ்ட் கடைசி வரைக்கும் குடும்பங்க பீச்சுக்கு வந்தாதான் அங்க இருக்கற சின்ன கடைக்காரருக்கு வருஷம் ஓடும், அங்க வேலை பாக்கற காலேஜ், ஹைஸ்கூல் பசங்களுக்கும் அது சம்பளம். அத லேசா ஒதுக்கிட முடியாது. ஆனா கடற்கரையோட தேவைய வச்சு மாநிலம் முழுக்க ஒரே தேதி போட்டதுதான் பிரச்சினையோட வேர்னு நான் நினைக்கிறேன்.

கமிட்டி என்ன பாத்துச்சு

2022 அக்டோபர்ல கமிட்டி கூடுச்சு. டீச்சர்கள், பிரின்சிபால் ரெண்டு பேர், ஹைஸ்கூல் கவுன்சலர் ஒருத்தர், டிஸ்ட்ரிக்ட்டோட சென்ட்ரல் ஆபீஸ்ல இருந்து ஒரு அம்மா, பெற்றோர் நாங்க சில பேர். வேலை 2023-24க்கான காலண்டர தயார் பண்ணி, டிஸ்ட்ரிக்ட்ட நடத்தற ஸ்கூல் போர்டுக்கு கொடுக்கறது.

அந்த வருஷம் ஆகஸ்ட் 26 சனிக்கிழமையில வந்துச்சு, அதனால திறக்கக்கூடிய முதல் நாள் ஆகஸ்ட் 28. கவுன்சலர் ஒரு வெள்ளைத் தாள்ல கணக்கு போட்டுக் காட்டினாங்க, அந்த ஒரு தாள்தான் மீட்டிங்கையே மாத்துச்சுன்னு சொல்லலாம். ஆகஸ்ட் 28ல ஆரம்பிச்சு லேபர் டே, வெட்டரன்ஸ் டே, தேங்க்ஸ்கிவிங் மூணு நாள் எல்லாம் கழிச்சா டிசம்பர் 21 வரைக்கும் மொத்தம் 79 நாள்தான் வருது, அதுலயும் டீச்சர் ஒர்க்டே (பிள்ளைங்களுக்கு லீவு, டீச்சருக்கு மட்டும் வேலை) ஒண்ணு கூட வைக்காம. ஹைஸ்கூல்ல நாங்க ஓட்டறது பிளாக் முறை, நாலு பாடம், ஒவ்வொண்ணும் 90 நிமிஷம், ஒரு செமஸ்டர்ல ஒரு பாடம் முழுசா முடிஞ்சிடும். வருஷத்துக்கு 172 நாள்னா (185 இல்லாம 172 எப்படின்னு கீழ வருது) பாதி 86. ஆக மிச்ச நாளு கிறிஸ்மஸ் லீவுக்கு அப்புறம் ஜனவரி மூணாவது வாரம் வரைக்கும் இழுக்குது, பரீட்சையும் அப்பதான்.

இதோட விளைவு என்னன்னு டீச்சர்கள் வருஷக்கணக்கா சொல்லிட்டு இருந்தாங்க. ரெண்டு வாரம் லீவு விட்டுட்டு வந்து ஒரு வாரம் ரிவிஷன்லயே போயிடும், அப்புறம் பரீட்சை. மேத் 1, மேத் 3, பயாலஜி, இங்கிலீஷ் 2 நாலுக்கும் மாநிலமே வைக்கற பரீட்சை, மொத்த மார்க்ல குறைஞ்சது 20 சதவீதம் அதுக்கு. வீட்டுல சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கற பையன் லீவுல புத்தகத்த தொடுவான், ராத்திரி ஷிஃப்ட் போற அம்மா அப்பா இருக்கற பையனுக்கு அந்த ரெண்டு வாரத்துல மறந்தது மறந்ததுதான்.

அதவிட பெரிசா எனக்கு பட்டது கம்யூனிட்டி காலேஜ் விஷயம். மாநிலத்துல கெரியர் அண்ட் காலேஜ் பிராமிஸ்னு ஒரு திட்டம் இருக்கு, ஹைஸ்கூல் படிக்கும்போதே கம்யூனிட்டி காலேஜ் பாடத்த டியூஷன் ஃபீஸ் கட்டாம எடுத்துக்கலாம், வசதி கம்மியான குடும்பத்துக்கு இது பெரிய கதவு. ஆனா காலேஜ் ஆகஸ்ட் நடுவுல திறந்துடும், நம்ம ஸ்கூல் பஸ் ஆகஸ்ட் 28க்கு முன்னாடி ஓடாது, கார் இல்லாத வீட்டுப் பிள்ளைங்க முதல் ரெண்டு வாரம் வகுப்புக்கு எப்படிப் போறது? ஜனவரியில இன்னும் மோசம், காலேஜ்ல ரெண்டாவது செமஸ்டர் ஜனவரி முதல் பத்து நாளுக்குள்ள தொடங்கிடுது, நம்ம ஸ்கூல்ல முதல் செமஸ்டரே முடியல, பிள்ளை ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல இருக்கணும். டிசம்பரோட ஹைஸ்கூல முடிச்சிட்டு நேரா காலேஜ்ல சேரலாம்னு நினைக்கிற சீனியருக்கும் இதே கதிதான். ஒரே வீட்டுல அக்கா எர்லி காலேஜ்ல படிச்சா ஆகஸ்ட் முதல் வாரமே போறா, தம்பி சாதாரண ஹைஸ்கூல்ல மாசக் கடைசியிலதான் போறான்.

ஏபி பரீட்சையும் இருக்கு, அதாவது ஹைஸ்கூல்லயே காலேஜ் தரத்துல படிக்கற பாடங்களுக்கான பரீட்சை. நாடு முழுக்க ஒரே தேதி, 2024ல மே 6ல ஆரம்பம். பக்கத்து ஜார்ஜியாவுல ஆகஸ்ட் ஆரம்பத்துல திறக்கற டிஸ்ட்ரிக்ட் பிள்ளைக்கு நம்ம பிள்ளையவிட மூணு வாரம் மேல படிக்க நேரம் கிடைக்குது, எழுதறது அதே பேப்பர்.

எதிர்ல இருந்த வழிகள்

மூணு வழி பேசினோம்.

ஒண்ணு, பழையபடி ஜனவரியில பரீட்சை. சட்டப்படி சரி, யாருக்கும் புதுசா தலைவலி இல்ல, ஆனா மேல சொன்ன அத்தனையும் அப்படியே தொடரும்.

ரெண்டாவது, சட்டத்த மீறி ஆகஸ்ட் 14ல திறக்கறது. மாநிலத்துல சில டிஸ்ட்ரிக்ட் அப்ப இத பண்ணத் தொடங்கியிருந்துச்சு. கணக்குப்படி இதுதான் அழகு, பத்து நாள் கூட கிடைக்குது, 86 நாள் டிசம்பர் 19லயே முடிஞ்சிடும், ரெண்டு செமஸ்டரும் சமம். கமிட்டியில பாதிப் பேர் இதுக்குத்தான் சாய்ஞ்சாங்க. மாநில சட்டசபையோட ஒரு அவையான ஹவுஸ்ல பல தடவை, தேதி வைக்கற அதிகாரத்த கவுன்டிக்கே கொடுக்கற மசோதா பாஸ் ஆகியும் இன்னொரு அவையான செனட்ல நகரவே இல்ல, இன்னும் எத்தனை வருஷம் காத்திருக்கறதுன்னு ஒரு பிரின்சிபால் கேட்டார். அவர் கோபம் நியாயமான கோபம். ஆனா அதே குளிர்காலத்துல யூனியன் கவுன்டி போர்டு ஆகஸ்ட் ஆரம்பத்துல திறக்கலாம்னு ஓட்டு போட்டு, பெற்றோர் கேஸ் போட்ட பிறகு பழைய தேதிக்கே திரும்பினத எல்லாரும் பாத்தாங்க. ஸ்கூல் திறக்க சில மாசமே இருக்கும்போது தேதி மாறினா டிக்கெட் போட்ட குடும்பம், டேகேருக்கு பணம் கட்டினவங்க, காண்ட்ராக்ட்ல இருக்கற டீச்சர் எல்லாருக்கும் அடி.

மூணாவது வழிய கொண்டு வந்தது சென்ட்ரல் ஆபீஸ் அம்மாதான். ஆகஸ்ட் 28லயே திற, ஆனா செமஸ்டர சமமா பிரிக்காத. முதல் செமஸ்டர டிசம்பர் 21ல வெட்டிடு, ரெண்டாவது நீளமா இருக்கட்டும். சட்டம் திறக்கற நாளையும் மூடற நாளையும்தான் கட்டிப்போடுது, நடுவுல எங்க கோடு போடறதுங்கறது நம்ம கையிலதான் இருக்குன்னு அவங்க சொன்னப்ப ரூம்ல கொஞ்ச நேரம் யாரும் பேசல, ஏன்னா அதுவரைக்கும் எல்லாரும் ஆகஸ்ட் தேதியவே பாத்துட்டு இருந்தோம்.

எடுத்த முடிவும் அதுக்கான காரணமும்

மூணாவது வழியத்தான் போர்டுக்கு அனுப்பினோம், 2023 பிப்ரவரியில போர்டு ஒத்துக்கிச்சு. உள்ள இருந்த விவரம் இப்படி.

நாள் கணக்க விட்டுட்டு மணிக்கணக்குக்கு போனோம். ஒரு நாளைக்கு ஆறேகால் மணி நேரம் பாடம், 172 நாள்னா 1,075 மணி நேரம். சட்டம் கேக்கறது 1,025. மிச்சம் 50 மணி நேரம், அதாவது 8 நாள் மழை, புயல், பனின்னு மூடினாலும் சனிக்கிழமை வகுப்போ ஸ்ப்ரிங் பிரேக்க பறிக்கறதோ தேவையில்ல. கிழக்குப் பக்கம் 2016ல மாத்யூ புயல், 2018ல ஃப்ளாரன்ஸ் புயல் பாத்தவங்களுக்கு இந்த 8 நாள் எவ்வளவு முக்கியம்னு சொல்லித் தெரியவேண்டியதில்ல, ஃப்ளாரன்ஸ் அப்ப சில ஊர்ல ஸ்கூல் வாரக்கணக்கா மூடிக்கிடந்துச்சு.

முதல் செமஸ்டர்ல டீச்சர் ஒர்க்டே ஒண்ணே ஒண்ணுதான் வச்சோம், மத்தத எல்லாம் ஜனவரிக்கு அப்புறம் தள்ளினோம். அப்படியும் முதல் செமஸ்டர் 78 நாள், ரெண்டாவது 94. பதினாறு நாள் வித்தியாசம். 90 நிமிஷ பீரியட்ல ஒரு பக்கம் 117 மணி நேரம், இன்னொரு பக்கம் 141. இது சின்ன ஓட்டை இல்ல. அத அடைக்க ரெண்டு வேலை பண்ணினோம்: முதல் செமஸ்டர்ல மட்டும் ஹோம்ரூம் (பாடம் இல்லாம வருகை, அறிவிப்புக்குன்னு இருக்கற நேரம்) நேரத்த சுருக்கி ஒவ்வொரு பீரியடையும் 95 நிமிஷம் ஆக்கினோம், அதுல 117 மணி நேரம் 123 மணிக்கு மேல ஆச்சு. ரெண்டாவது, எந்தப் பாடம் எந்த செமஸ்டர்ல வரணும்னு கவுன்சலர்கள் உக்காந்து பிரிச்சாங்க. கணக்குல தடுமாறற பிள்ளைங்களுக்கு மேத் 1 நீளமான செமஸ்டர்ல, ஏபி பாடங்கள முடிஞ்சவரைக்கும் வருஷம் முழுக்க ஒருநாள் விட்டு ஒருநாள். முதல் செமஸ்டர்ல ஏபி முடிச்சிட்டு மே மாசம் வரைக்கும் காத்திருந்து பரீட்சை எழுதற கொடுமையாவது இதுல கொஞ்சம் குறையும்.

நான் ஏன் ரெண்டாவது வழிக்கு கை தூக்கலன்னு கமிட்டியிலயே சொன்னேன், இங்கயும் சொல்றேன். அந்த சட்டம் மாறணும்ங்கறதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா போர்டு மீறினா அதோட பாரத்த சுமக்கறது போர்டு இல்ல, கேஸ் முடிவு தெரியாம திட்டம் போட முடியாம நிக்கற குடும்பமும் டீச்சரும்தான்.

நடந்தது என்ன

திறந்து மூணாவது நாளே சோதனை. இடாலியா புயல் ஆகஸ்ட் 30ல ஃப்ளோரிடாவுல கரை ஏறி நம்ம பக்கமா போச்சு, ஆகஸ்ட் 31 ஸ்கூல் மூடிட்டோம். அடுத்து 2024 ஜனவரி 9ல காத்தும் மழையும் பலமா வரும்னு எச்சரிக்கை, அன்னைக்கும் மூடினோம். ரெண்டு நாளும் மிச்சம் வச்ச மணியில கழிஞ்சு போச்சு, காலண்டர்ல ஒரு தேதி கூட மாறல. இந்த ஒரு விஷயத்துல யாருக்கும் மாற்றுக் கருத்து இல்ல.

டிசம்பர் லீவு பிள்ளைங்களுக்கு உண்மையிலயே லீவா இருந்துச்சு. ஜனவரியில கம்யூனிட்டி காலேஜோட மோதல் போயிடுச்சு, டிசம்பர்ல படிப்ப முடிச்ச சீனியர்கள் ஜனவரியிலயே காலேஜ்ல சேந்தாங்க, கவுன்சலர் இத சொல்லும்போது அவங்க முகத்துல இருந்த நிம்மதிய நான் பாத்தேன். ஆகஸ்ட்ல இருந்த ரெண்டு வார இடைவெளி மட்டும் அப்படியே இருக்கு, அத காலண்டரால தீர்க்க முடியாது. காலேஜ் போற பிள்ளைங்களுக்காக ஒரு பஸ் மட்டும் ஓட்டறத பத்தி பேசினோம், டிரைவர் பற்றாக்குறையில அது நடக்கல.

இப்ப சரியில்லாதது.

முதல் செமஸ்டர்ல மேத் 1 எடுத்த டீச்சர்கள் மூச்சுவிட நேரமில்லன்னாங்க. 95 நிமிஷம்னு பேப்பர்ல கூடினாலும் ஒரு பாடத்த புரிஞ்சுக்க ராத்திரிகள் வேணும், 78 ராத்திரிய நிமிஷத்த வச்சு 86 ஆக்க முடியாது. ஒரு டீச்சர் கடைசி யூனிட்ட மூணு நாள்ல ஓட்டினதா சொன்னார். இங்கிலீஷ் புதுசா கத்துக்கற பிள்ளைங்களுக்கும், சிறப்புக் கல்வி தேவைக்காக தனி கல்வித் திட்டம் இருக்கற பிள்ளைங்களுக்கும் இந்த வேகம் ரொம்ப கஷ்டமா போச்சு. அவங்கள எந்த செமஸ்டர்ல எதுக்கு போடறதுன்னு தனியா யோசிச்சிருக்கணும், மேத் 1ல மட்டும்தான் அந்த கவனம் போச்சு. ரெண்டு செமஸ்டர் மார்க்க நேரா ஒப்பிட்டு ஜெயிச்சோம் தோத்தோம்னு சொல்லவும் முடியாது, தடுமாறற பிள்ளைங்கள நாங்களே நீளமான பக்கம் அனுப்பிட்டோமே, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி பிள்ளைங்க இல்ல.

ஒர்க்டேக்கள ஸ்ப்ரிங்குக்கு தள்ளினதுல இன்னொரு விஷயம் கிளம்புச்சு. ஜனவரிக்கும் மேக்கும் நடுவுல ஒத்தை ஒத்தையா லீவு, வெள்ளி ஒண்ணு, திங்கள் ஒண்ணுன்னு. எலிமெண்டரி பிள்ளை வச்சிருக்கற, மணிக்கணக்கு சம்பளத்துல வேலை பாக்கற அம்மாக்கள் அந்த ஒவ்வொரு நாளுக்கும் ஆள் தேடணும். ஹைஸ்கூல் பரீட்சைய சரி பண்ண நாங்க போட்ட கோட்டுக்கான விலைய எலிமெண்டரி வீடுங்க கட்டுச்சு. பஸ் டிரைவர், கேஃபடீரியா ஊழியர் நிலைமையும் அதுதான், ஒர்க்டேன்னா டீச்சருக்கு சம்பளம் உண்டு, பஸ் ஓடாத நாள்ல டிரைவர்ல பல பேருக்கு மணி நேரம் குறையுது. அவங்கள்ல ஒருத்தர் கூட கமிட்டியில இல்ல. மார்ச்ல ஒரு டிரைவர் போர்டு மீட்டிங்ல எழுந்து இத சொன்னப்பதான் அது பதிவே ஆச்சு.

நம்ம ஆளுங்க பக்கமும் ஒண்ணு நடந்துச்சு. டிசம்பர்ல இந்தியா போற குடும்பங்க டிக்கெட் விலை பாத்து 15, 16 தேதியிலயே கிளம்பற வழக்கம். முன்னாடியெல்லாம் அதுல ரெண்டு மூணு நாள் வகுப்புதான் போகும், இப்ப அந்த வாரம்தான் பரீட்சை வாரம். காலண்டர் பிப்ரவரியிலயே வெளிய வந்தாலும் ஹைஸ்கூல் பரீட்சை தேதிகள் அக்டோபர்லதான் வந்துச்சு, அதுக்குள்ள டிக்கெட் போட்டாச்சு. சில பிள்ளைங்க ஜனவரியில மறுபடி உக்காந்து எழுதினாங்க. ஏற்பாடு செஞ்சு கொடுத்தாங்க, ஆனா அந்தப் பிள்ளைங்களுக்கு லீவு முழுக்க பரீட்சை பயம்தான்.

என்ன மாறணும், என்ன மாறிச்சு

2024 ஜூன்ல கமிட்டி இத உக்காந்து பேசுச்சு. செமஸ்டர டிசம்பர்ல முடிக்கறத தொடரலாம்னு பெரும்பான்மை, எனக்கும் அதுதான் சரின்னு படுது. ஆனா மாநிலப் பரீட்சை இருக்கற நாலு பாடத்தையும் குட்டி செமஸ்டர்ல வைக்கறத குறைச்சு, முடிஞ்ச அளவு நீளமானதுலயோ வருஷம் முழுக்கவோ கொண்டு போகணும்னு கவுன்சலர்கள்கிட்ட சொல்லியாச்சு. அதுக்கு டீச்சர் எண்ணிக்கை பத்துமாங்கறது ஒவ்வொரு ஹைஸ்கூல்லயும் தனித்தனியா பாக்கவேண்டிய விஷயம், சின்ன ஹைஸ்கூல்ல ஒரே பயாலஜி டீச்சர் இருந்தா ரெண்டு செமஸ்டர்லயும் அவர்தான் எடுக்கணும், வேற வழியில்ல.

ஒர்க்டேக்கள ஒத்தையா தூவாம, ஏற்கனவே இருக்கற அரசு விடுமுறையோட ஒட்டி வைக்கணும்னு கேட்டிருக்கோம், அப்பதான் ஒரு வீடு ஒரு தடவை ஆள் ஏற்பாடு பண்ணினா போதும். பரீட்சை வாரம் எதுன்னு காலண்டரோடயே பிப்ரவரியில அறிவிக்கணும். பஸ் டிரைவர், கேஃபடீரியா, டீச்சர் அசிஸ்டெண்ட் மூணு பேருக்கும் கமிட்டியில இடம் வேணும்னு நான் எழுதிக் கொடுத்தேன், ரெண்டு இடம் ஒத்துக்கிட்டாங்க, அசிஸ்டெண்டுக்கு அப்ப கிடைக்கல.

அதோட போர்டுகிட்ட ஒரு பக்க அறிக்கை கேட்டு வாங்கினோம்: 78க்கும் 94க்கும் உள்ள இடைவெளி ஆகஸ்ட் தேதியால மட்டுமே வந்தது, ஆகஸ்ட் 14ல திறக்க விட்டிருந்தா டிசம்பர் லீவுக்கு முன்னாடியே 86 நாள் முடிஞ்சிருக்கும்னு நாள்வாரியா கணக்கோட. அது நம்ம கவுன்டிய பிரதிநிதிக்கற ஹவுஸ், செனட் உறுப்பினர்கள் ரெண்டு தரப்புக்கும் போயிருக்கு. 2024-25ல ஆகஸ்ட் 26 திங்கக்கிழமையிலயே வந்துச்சு, டிசம்பர் 20க்குள்ள ஒர்க்டே இல்லாம 80 நாள் இருந்துச்சு, அந்த முறை கமிட்டி அந்தக் கணக்குல இருந்துதான் வேலைய ஆரம்பிச்சுச்சு.